குகையில் கிடைத்த கல்லும் எலும்பும்: ஏஜென்ட்டை நம்பலாமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. மேல் எல்லையில், பட்டாவுக்குள்ளேயே, ஒரு பாறைக் குகை. மழையில் மண் சரிந்து கூரான வெள்ளைக் கற்களும், பல்லோடு சில எலும்புகளும் வெளியே தெரிகின்றன. வத்தலக்குண்டிலிருந்து வந்த ஒருவர், 15,000 ரூபாய் கட்டினால் 'கார்பன் டெஸ்ட்' சர்டிபிகேட் வாங்கி, பல லட்சத்துக்கு விற்றுத் தருவதாகச் சொல்கிறார். சாம்பிள் என்று இரண்டு கல்லை எடுத்தும் போய்விட்டார். அரசிடம் சொன்னால் தோட்டம் போய்விடுமோ என்று வீட்டில் பயம். போட்டோக்கள் அனுப்பியுள்ளேன்.

பதில்: முதலில், பணம் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கல்லுக்குக் கார்பன் டெஸ்ட் கிடையாது. உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் அந்தச் சோதனை: கரி, விதை, எலும்பு. அதுவும் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் போனால் அளக்க எதுவும் மிஞ்சாது. கற்கருவியின் வயதைப் பெரும்பாலும் அது கிடந்த மண்ணடுக்கை வைத்துத்தான் கணிக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு என்று சொல்ல முடிந்ததே, ஒவ்வொரு கல்லும் எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று பதிவு இருந்ததால்தான். சாக்கில் கட்டி வந்த கல்லைப் பார்த்து யாரும் வயது சொல்ல மாட்டார்கள். விலையும் எந்த ஆய்வுக்கூடமும் போட்டுத் தராது.

இந்த ஆசாமிகள் புதியவர்கள் இல்லை. நேற்று வரை அரிசியை இழுக்கும் கலசம், இரிடியம் என்று ஊர் ஊராக அலைந்தவர்கள் இன்று 'ஆதி மனிதன் கல்' என்கிறார்கள். முதலில் டெஸ்டுக்குப் பணம், பிறகு சர்டிபிகேட்டுக்கு, அப்புறம் வெளிநாட்டுப் பார்ட்டி தங்க லாட்ஜ் செலவு. கடைசியில் போன் எடுக்க மாட்டார். 100 ஆண்டு கடந்த தொல்பொருளை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாட்டினால் அவரோடு நீங்களும்தான்.

சரி, உங்கள் போட்டோக்கள். வெள்ளைக் கற்கள் வெங்கச்சங்கல். பாறை இடுக்கில் தானாக உடைந்தாலும் அது கூராகத்தான் இருக்கும். ஐந்தில் நான்கு அப்படித்தான் தெரிகின்றன. ஒன்று மட்டும் யோசிக்க வைக்கிறது. ஒரு முனையில் அடி விழுந்த தட்டையான இடம், அதற்குக் கீழே லேசான புடைப்பு, மறுபக்கத்தில் சில்லுகள் பெயர்ந்த தடம் இரண்டு. மனிதக் கை பட்டிருக்கலாம். கையில் வைத்துப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எலும்பு விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம்தான். விளிம்பில் அகலமாக, தட்டையாக, பக்கம் பக்கமாகக் கோடுகள் ஓடுகின்றனவே, அது முள்ளம்பன்றி கொறித்தது. பல்லைத் தேய்க்கவும் சுண்ணாம்புச் சத்துக்காகவும் அது எலும்புகளை இழுத்துவந்து குகையில் குவிக்கும். கல் கத்தியால் இறைச்சி அறுத்த தடம் மெல்லியதாக, ஊசியால் கீறியதுபோல, ஆழத்தில் குறுகி இருக்கும். மூன்றாவது போட்டோவின் மூலையில் ஒரு முள்ளே கிடக்கிறது, பாருங்கள். தவிர, உங்கள் பழனி மலைத்தொடரும் நீலகிரியும் சார்னகைட் என்ற ஒரு வகைக் கருங்கல் பாறை. அமிலத்தன்மையுள்ள மண்ணும் மழையும் சேர்ந்து பழைய எலும்பை அரித்துவிடும். 1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1880களில் கர்நூல் பகுதியின் பில்லசுர்க்கம் குகைகளில் விலங்கு எலும்புகளை ஏராளமாக எடுத்தார் என்றால், அது எலும்பை அரிக்காமல் காக்கும் சுண்ணாம்புப் பாறை. உங்கள் பல் மாட்டினத்துப் பல். காட்டுமாடாக இருந்தால், அதைப் பையில் போட்டுக்கொண்டு வனத்துறை செக்போஸ்ட்டைக் கடக்கும்போது தொல்லியல் பேசிப் பயனில்லை.

எதையும் தொடாதீர்கள், தோண்டாதீர்கள். ஒரே விதிவிலக்கு, உங்களுக்கு அது பொருந்துகிறது: மண் சரிந்து, அடுத்த மழையில் அடித்துப் போகும் என்ற நிலையில் கிடப்பவை. அவற்றை மட்டும் எடுக்கலாம். எடுக்கும் முன் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள், குகைச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதக் கவரில் போட்டு, கவர் மேல் பென்சிலால் தேதியும் இடமும் எழுதுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கழுவவே கூடாது, ஒட்டியிருக்கும் மண்தான் ஆராய்கிறவருக்கு வேண்டியது. வார்னிஷ், எண்ணெய், ஃபெவிகால் எதுவும் கூடாது. சரியாத மண்ணில் பாதி புதைந்து நிற்கும் கல்லை 'இதுவும் விழுந்துவிடும்' என்று நெம்பி எடுப்பது இந்த விதிவிலக்கில் வராது.

தோட்டம் போகாது. நாலு கல் கிடைத்ததற்காக யாரும் நிலத்தை எடுப்பதில்லை. 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்ற மத்தியச் சட்டக் கட்டுப்பாடு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று அறிவித்த இடங்களுக்குத்தான். அப்படி அறிவிப்பதற்கு முன்பும் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் தரவேண்டும். குகை வாய் நிஜமாகவே உங்கள் பட்டாவில்தான் இருக்கிறதா என்பதை மட்டும் புலப்படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காப்புக்காடு என்றால் கதை வேறு.

மண்ணில் கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தரவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பத்து ரூபாய் இன்றும் பத்து ரூபாய்தான்! கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் "தங்கமா?" என்பார். இல்லை என்றதும் தாசில்தாரைக் கை காட்டுவார், தாசில்தார் தொல்லியல் துறையை. அலையாதீர்கள். ஒரே கடிதத்தைக் கலெக்டருக்கும், சென்னை எழும்பூரில் உள்ள மாநிலத் தொல்லியல் துறைக்கும், போட்டோக்களோடு ஒப்புகை கேட்டு அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் பதில் வராவிட்டாலும் வியப்பில்லை, திரும்ப எழுதுங்கள். யார் வந்து எதை எடுத்தாலும் எண்ணிக்கை போட்டு ரசீது வாங்குங்கள்.

அந்த ஆள் கொண்டுபோன இரண்டு கல்லையும் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் அவர் பெயர், போன் நம்பர், எடுத்துப் போன தேதி எல்லாவற்றையும் கலெக்டருக்கு எழுதும் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.