ஸ்பானிஷின் இரண்டு இறந்தகாலங்கள்: எங்கே எது? (கேள்வி பதில்)

ஸ்பானிஷ் கற்பவர்கள் எழுதிக் கேட்டவற்றில், ‘பேசினேன்’ என்பதற்கு ஏன் இரண்டு வடிவங்கள் என்ற குழப்பத்தைச் சுற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பானிஷ் சொற்களைத் தமிழில் எழுதும்போது, அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியுள்ளேன். இது வெறும் வசதிக்காக அன்று. ‘ஆப்லொ’ என்றால் ‘பேசுகிறேன்’. ‘அப்லோ’ என்றால் ‘அவர் பேசினார்’. அழுத்தம் இடம் மாறினால் காலமும் ஆளும் சேர்ந்தே மாறிவிடும் மொழி அது.

கேள்வி: மூன்று மாதமாகப் படிக்கிறேன் ஐயா. ‘நேற்று மழை பெய்தது’ என்பதை ‘அயேர் யொவியோ’ என்றும் சொல்லலாம், ‘அயேர் யொவீய’ என்றும் சொல்லலாம் என்கிறார்கள். இரண்டுமே சரியென்றால் வேறுபாடுதான் என்ன?

பதில்: இரண்டும் சரி, பெய்த மழையும் ஒன்றுதான். சொல்பவர் அந்த மழையை எங்கே நின்று பார்க்கிறார் என்பதுதான் மாறுகிறது. ‘யொவியோ’ என்பது பிரெதேரிதொ. மழை வந்தது, பெய்தது, விட்டது. வெளியே நின்று அதை முழுதாகப் பார்த்துச் சொல்கிறீர்கள், செய்தி அங்கேயே முடிந்துவிடுகிறது. ‘யொவீய’ என்பது இம்பெர்ஃபேக்தொ. மழை பெய்துகொண்டிருக்கும் நேரத்துக்குள் கேட்பவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். அது எப்போது தொடங்கியது, எப்போது விட்டது என்ற பேச்சே அதில் இல்லை. அதனால்தான் ‘அயேர் யொவீய’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், எதிரே இருப்பவர் ‘சரி, அப்போது என்ன நடந்தது?’ என்பதுபோல் உங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்.

இம்பெர்ஃபேக்தொ என்ற பெயருக்கு இலக்கணத்தில் ‘முற்றுப்பெறாதது’ என்று பொருள். குறையுள்ளது என்று கொள்ளக் கூடாது. கராகஸில் பிறந்து சிலியில் வாழ்ந்த அறிஞர் அந்த்ரேஸ் பேயொ 1847இல் வெளியிட்ட இலக்கணத்தில் இதற்குக் ‘கொப்ரெதேரிதொ’ என்று பெயரிட்டார். ‘உடனிகழ் இறந்தகாலம்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம்: இறந்தகாலத்தில் நடந்த வேறொன்றோடு கூடவே நிகழ்ந்துகொண்டிருந்தது என்பது கருத்து. மெக்சிகோவின் பள்ளிகளில் அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. கற்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பெயர் இல்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: நெடுநேரம் நடந்தால் இம்பெர்ஃபேக்தொ, சட்டென முடிந்தால் பிரெதேரிதொ என்று குறித்து வைத்திருக்கிறேன். இது போதுமா?

பதில்: அந்தக் குறிப்பை அடித்துவிடுங்கள். ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம் ஆட்சி 711இல் தொடங்கி 1492இல் கிரனாதாவின் வீழ்ச்சியோடு முடிந்தது. ஏறத்தாழ 800 ஆண்டுகள் நீடித்த அதை ஸ்பானியர்கள் ‘துரோ காசி ஓச்சொ சீக்லொஸ்’, அதாவது ‘ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் நீடித்தது’ என்று பிரெதேரிதொவில்தான் சொல்கிறார்கள். தொடக்கமும் முடிவும் கண்ணில் பட்டுவிட்டபின், நடுவே எத்தனை நூற்றாண்டுகள் இருந்தாலும் அது ஒரு முழு நிகழ்ச்சிதான். மறுபுறம், இரண்டு நொடி ஒலித்த தொலைபேசியைக்கூட, ‘நான் கதவைத் திறந்தபோது தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது’ என்று சொல்ல நேர்ந்தால் ‘சொனாப’ என்று இம்பெர்ஃபேக்தொவில் சொல்ல வேண்டும். நீளத்தை அளக்காதீர்கள், எல்லை காட்டப்படுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் திரும்பத் திரும்ப நடந்தவை? அவற்றுக்காவது இம்பெர்ஃபேக்தொ என்று உறுதியாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முக்கால்வாசி வைத்துக்கொள்ளலாம். மீதிக் கால்வாசிக்குத் தமிழே வழிகாட்டும். பழைய வழக்கத்தைச் சொல்லும்போது நாம் எதிர்கால வடிவத்தை எடுத்துக்கொள்கிறோம்: ‘சிறுவயதில் தினமும் ஆற்றில் நீந்துவேன்’, ‘கோடைதோறும் கடற்கரைக்குப் போவோம்’. இந்த ‘நீந்துவேன்’, ‘போவோம்’ ஆகியவை வரும் இடங்களில் ஸ்பானிஷில் ‘நதாப’, ‘ஈபமொஸ்’ என்று இம்பெர்ஃபேக்தொ வரும். ‘மூன்று முறை போனேன்’ என்பதை ‘மூன்று முறை போவேன்’ என்று மாற்றினால் கடந்தகாலப் பொருளே போய்விடுகிறது அல்லவா? எண்ணி முடித்துவிட்டதால் அது ‘ஃபுயீ த்ரேஸ் வேசெஸ்’ என்று பிரெதேரிதொதான்.

இன்னும் நுட்பமான ஓர் இடம் உண்டு. ‘ஐந்து ஆண்டுகள் தினமும் நீந்தினேன்’ என்பதும் வழக்கம்தான்; ஆனால் ஐந்து ஆண்டுகள் என்று வேலி போட்டுவிட்டோம். இங்கே ‘நீந்துவேன்’ என்று சொல்லிப் பாருங்கள், இனிமேல் ஐந்து ஆண்டுகள் நீந்தப்போவதாகத் தொனிக்கும். தமிழ் மறுக்கும் அந்த இடத்திலேயே ஸ்பானிஷும் இம்பெர்ஃபேக்தொவைத் தவிர்த்து ‘நதே’ என்று பிரெதேரிதொவுக்குப் போகிறது. ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: ‘கோடைதோறும் போனோம்’ என்று தமிழில் நேர் இறந்தகாலமாகவும் எழுதுவதுண்டு. ஆகவே கையில் இருக்கும் வாக்கியத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல், அதைப் ‘போவோம்’ என்று மாற்றினால் பொருள் கெடாமல் நிற்கிறதா என்று சோதியுங்கள்.

கேள்வி: ‘அயேர்’ வந்தால் பிரெதேரிதொ, ‘சியேம்ப்ரெ’ (எப்போதும்) வந்தால் இம்பெர்ஃபேக்தொ என்ற பட்டியலை மனப்பாடம் செய்திருக்கிறேன்.

பதில்: தேர்வு எழுதும் வரை அது உதவும். ஆனால் ‘எப்போதுமே மருத்துவராக விரும்பினேன்’ என்பதை, இன்றுவரையிலான வாழ்க்கை முழுவதையும் ஒரே பார்வையில் திரட்டிச் சொல்லும்போது, ‘சியேம்ப்ரெ கீசெ சேர் மேதிகொ’ என்று பிரெதேரிதொவில் சொல்வது மிக இயல்பானது. ‘அயேர் யொவீய’ என்பதை மேலேயே பார்த்தோம். காலம் காட்டும் சொல் ஒரு தடயம்தான். அது கட்டளை இடுவதில்லை.

கேள்வி: அம்மா ஒருவர் கேட்கிறேன், ஐயா. என் தொல்லையெல்லாம் ‘இருந்தது’ என்ற ஒரு சொல்லில்தான். ‘ஏர’, ‘ஃபுவே’, ‘எஸ்தாப’, ‘எஸ்தூவொ’, ‘அபீய’, ‘ஊபொ’ என்ற ஆறும் எனக்கு ‘இருந்தது’ என்றே தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

பதில்: நீங்கள் கை வைத்த இடம்தான் தமிழர் அத்தனை பேரும் இடறும் இடம், அம்மா. மற்ற வினைகளில் நமக்குத் துணை நிற்கும் தமிழ், இங்கே ‘இருந்தது’ என்ற ஒரே போர்வையால் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. அந்தப் போர்வையை விலக்க, ‘இருந்தது’ என்பதற்குப் பதிலாக வேறு எந்த வினை பொருந்தும் என்று தேடுங்கள்.

‘அங்கே ஒரு மரம் இருந்தது’ என்பதில் வேறு வினை எதுவும் ஒட்டாது. அது காட்சி, எனவே ‘அபீய’. ‘அங்கே ஒரு விபத்து’ என்று தொடங்கினால் நாம் ‘இருந்தது’ என்று முடிப்பதே இல்லை, ‘நடந்தது’ என்கிறோம். அந்த ‘நடந்தது’தான் ‘ஊபொ’. ‘விழா எப்படி இருந்தது?’ என்று முடிந்த விழாவைப் பற்றிக் கேட்கும்போது ‘எப்படி நடந்தது?’, ‘எப்படி அமைந்தது?’ என்று மாற்ற முடிகிறது. ஆகவே ‘கோமொ ஃபுவே?’. ‘வீடு பெரியதாக இருந்தது’ என்பதை அப்படி மாற்ற முடியாது. அது ‘ஏர க்ராந்தெ’. ‘ஒரு வாரம் நோயுற்றிருந்தார்’ என்பதில் ஒரு வாரம் என்ற எல்லை இருப்பதால் ‘எஸ்தூவொ’. ‘நான் பார்க்கப் போனபோது நோயுற்றிருந்தார்’ என்பதில் ‘எஸ்தாப’.

‘என் பாட்டி ஆசிரியையாக இருந்தார்’ என்பதற்கு இரண்டு வடிவங்களும் வரும். பாட்டியோடு கழித்த நாட்களை விவரிக்கும்போது ‘ஏர மயேஸ்த்ர’. அவர் வாழ்க்கையை முழுதாகத் திரும்பிப் பார்த்து, இன்னார் இன்னவாக வாழ்ந்தார் என்று சொல்லும்போது ‘ஃபுவே மயேஸ்த்ர’. இரங்கற்குறிப்புகளில் இந்த ‘ஃபுவே’யை அடிக்கடி காண்பீர்கள்.

கேள்வி: சில வினைகள் பிரெதேரிதொவில் வந்தால் பொருளையே மாற்றிக்கொள்ளும் என்று பாடப்புத்தகத்தில் தனி அட்டவணை உள்ளது. அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பொருள் மாறுவதாகத் தோன்றுவது, அந்த அட்டவணைகள் வேறொரு மொழியின் கண்ணாடி வழியாக எழுதப்பட்டதால். தமிழில் அதே வேறுபாட்டை நாம் தினமும் செய்கிறோம். ‘சபீய’ என்றால் ‘எனக்குத் தெரிந்திருந்தது’, ‘சூபெ’ என்றால் ‘எனக்குத் தெரியவந்தது’. அறிவு என்ற நிலைக்குள் நிற்பது முன்னது. அந்த நிலைக்குள் காலெடுத்து வைத்த நொடி பின்னது. ‘கொனொசீய’ என்றால் அவரோடு பழக்கம் இருந்தது, ‘கொனொசீ’ என்றால் அவர் அறிமுகமானார்.

‘தெனீய கெ ஈர்’, ‘தூவெ கெ ஈர்’ என்ற இணை எனக்கு மிகவும் பிடித்தது. முதலாவது ‘போகவேண்டியிருந்தது’, போனேனா இல்லையா என்பது அதில் தெரியாது, ‘போகவேண்டியிருந்தது, ஆனால் போகவில்லை’ என்று தொடரவும் செய்யலாம். இரண்டாவது ‘போகவேண்டிவந்தது’, போயே ஆகிவிட்டது. ‘-இருந்தது’, ‘-வந்தது’ என்ற இரண்டு துணைவினைகளுக்கு நடுவில் உள்ள தூரம்தான் ஸ்பானிஷின் இரண்டு இறந்தகாலங்களுக்கு நடுவில் உள்ளதும். இதேபோல் ‘நொ கெரீய’ என்றால் மனம் இல்லை, ‘நொ கீசெ’ என்றால் மறுத்துவிட்டேன்; ‘பொதீய’ என்றால் செய்யும் நிலையில் இருந்தேன், ‘பூதெ’ என்றால் செய்து முடித்தேன்.

கேள்வி: நான் எழுதிய சிறு பத்தி இது: ‘அயேர் எஸ்தூவெ என் காச. யொவியோ இ யொ லெயீ. சொனோ எல் தெலேஃபொனொ. ஃபுவே மி எர்மான.’ நேற்று வீட்டில் இருந்தேன், மழை, படித்தேன், தொலைபேசி ஒலித்தது, என் அக்கா என்று சொல்ல நினைத்தேன். பிழை உண்டா?

பதில்: முதல் மூன்று வாக்கியங்களைத் தனித்தனியே பிடித்துப் பார்த்தால் பிழை இல்லை. சேர்த்துப் படித்தால், வீட்டில் இருந்து முடித்தீர்கள், மழை பெய்து ஓய்ந்தது, நீங்கள் படித்து முடித்தீர்கள், அதன்பின் மணி அடித்தது என்று நான்கு மணிகளை நூலில் கோத்ததுபோல் ஆகிவிடுகிறது. இப்படி மாற்றுங்கள்: ‘அயேர் எஸ்தாப என் காச. யொவீய இ யொ லெயீய. தெ ப்ரோந்தொ சொனோ எல் தெலேஃபொனொ. ஏர மி எர்மான.’ இப்போது வீடும் மழையும் புத்தகமும் ஒரே நேரத்தில் இருக்கின்றன, அந்த அமைதியை ‘தெ ப்ரோந்தொ’ (திடீரென) மணியோசை ஒன்று மட்டும் வெட்டுகிறது. பத்தி முழுவதிலும் ஒரே ஒரு பிரெதேரிதொதான். கடைசி வாக்கியத்தைத் தமிழில் ‘அக்காதான்’ என்று வினையே இல்லாமல் முடிப்போம். மறுமுனையில் இருந்தது யார் என்று அடையாளம் சொல்லும் இத்தகைய இடத்தில் ஸ்பானிஷ் ‘ஏர’ என்றே சொல்லும். ‘ஃபுவே’ இங்கே பொருந்தாது.

கேள்வி: ஸ்பெயினில் ‘இன்று சாப்பிட்டேன்’ என்பதற்கு ‘ஓய் எ கொமீதொ’ என்கிறார்கள், மெக்சிகோவில் ‘ஓய் கொமீ’ என்கிறார்கள். இதனால் நான் கற்ற விதிகள் மாறுமா?

பதில்: மாறாது. அந்த வேறுபாடு பிரெதேரிதொவுக்கும், ‘எ கொமீதொ’ என்று இரு சொற்களால் அமையும் கூட்டு இறந்தகாலத்துக்கும் இடையிலானது. இம்பெர்ஃபேக்தொ எங்கே வரும் என்பதில் இரு கரையினருக்கும் கருத்து ஒன்றே.

கேள்வி: ஒருவர் என்னிடம் ‘கெரீய ப்ரெகுந்தார்லெ உன கோச’, அதாவது ‘உங்களிடம் ஒன்று கேட்க விரும்பினேன்’ என்று தொடங்கினார். இப்போதுதானே கேட்கிறார், ஏன் இறந்தகாலம்?

பதில்: பணிவுக்காக. ‘உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்’ என்று நாமும் நிகழ்கால ஆசையை இறந்தகாலத்தில் வைத்து மென்மையாக்குகிறோம். முற்றுப்பெறாத வடிவம் என்பதால், மறுக்க விரும்புபவருக்கு அது கதவைத் திறந்தே வைக்கிறது.

கேள்வி: ‘1616 ஏப்ரலில் மத்ரீதில் செர்வாந்தெஸ் இறந்தார்’ என்பதை ஒரு செய்தித்தாளில் ‘மொரீய’ என்று இம்பெர்ஃபேக்தொவில் எழுதியிருந்தார்கள். இறப்பைவிட முடிந்துபோன செயல் உண்டா? ‘முரியோ’ அல்லவா வர வேண்டும்?

பதில்: பேச்சில் ‘முரியோ’தான் வரும், நீங்கள் எழுதினாலும் அதையே எழுதுங்கள். செய்தித்தாள்களும் வரலாற்று எழுத்தும், நாளையும் இடத்தையும் முதலில் நட்டுவிட்டு, அந்த நிகழ்ச்சியை வாசகர் கண்முன் மெதுவாக நடக்கவிடுவதற்காக இப்படி எழுதுவதுண்டு. செயல் முடிந்தது என்பதை நாளே சொல்லிவிடுவதால், வினை அதைச் சொல்லாமல் காட்சிக்குள் நிற்க முடிகிறது. இப்போதைக்குப் படிக்கும்போது அடையாளம் கண்டுகொண்டால் போதும். மேலே உள்ள அக்காவின் தொலைபேசிப் பத்தியைப் போல் பத்துப் பத்திகளைப் பிழையின்றி எழுதியபின் இதைக் கையில் எடுங்கள்.