ரிச்மண்டின் வெல்டர் பெண்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தலையில் சிவப்புத் துணி கட்டி, கையை மடக்கிக் காட்டும் அமெரிக்கப் பெண்ணின் இரண்டாம் உலகப் போர்க்காலச் சுவரொட்டி பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். இரண்டு சந்தேகங்கள். வீட்டிலிருந்த பெண்கள் சில வாரங்களில் கப்பல் கட்டும் அளவுக்கு எப்படித் தேறினார்கள்? போர் அவர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் கதவைத் திறந்ததென்றால், 1945இல் அது ஏன் அவ்வளவு சுலபமாகச் சாத்தப்பட்டது?

மா., திருச்சி

அன்புள்ள மா.,

முதலில் அந்தச் சுவரொட்டி. 1943 பிப்ரவரியில் வெஸ்டிங்ஹவுஸ் என்ற மின்சாதன நிறுவனத்தின் ஆலைகளுக்குள் இரண்டு வாரம் ஒட்டப்பட்டது, அவ்வளவுதான். புகழ் வந்தது 1980களில்.

கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் தொழிலதிபர் ஹென்றி கைசரின் நான்கு கப்பல் கட்டும் தளங்கள் போர்க்காலத்தில் 747 கப்பல்கள் கட்டின. இன்று அங்குள்ள நினைவுப் பூங்காவுக்கு 'ரிவெட் அடிக்கும் ரோஸி' என்று பெயர்; ரிவெட் என்பது தகடுகளை இணைக்கும் ஆணி, ரோஸி என்பது போர்க்கால ஆலைப் பெண்களுக்கான பொதுப்பெயர். ஆனால் அங்கே தகடுகளை இணைத்தது பெரும்பாலும் வெல்டிங்தான். உங்கள் முதல் கேள்விக்கு விடையும் அதில்தான் இருக்கிறது.

வெல்டிங்கில் கடினமானது தலைக்கு மேலே பற்று வைப்பது. உருகிய உலோகம் உடம்பின்மேல் சொட்டும், கழுத்தும் தோளும் கடுக்கும். குனிந்து கீழ்நோக்கி வைப்பதோ சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். அதனால் கப்பலைத் துண்டு துண்டாகத் தரையிலேயே செய்தார்கள். துண்டைக் கிரேனால் புரட்டிப் போட்டால் மேல் மூட்டு கீழ் மூட்டாகிவிடும். பெண்களுக்குச் சொல்லித் தரப்பட்டது முழுத்தொழில் அல்ல, ஒருவகை மூட்டு.

அதிலும் பிசகும். உருகிப் பற்றாகும் வெல்டிங் ராடைத் தகட்டிலிருந்து அதிகம் தூக்கினால் பற்றில் துளை விழும். வேகமாக இழுத்தால் உலோகம் அடிவரை இறங்காது. முதல் அடுக்கின்மேல் படியும் கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்க்காமல் அடுத்ததை வைத்தால் கசடு உள்ளே சிக்கி, பிற்பாடு அங்கிருந்தே விரிசல் கிளம்பும். சில கப்பல்கள் பிளந்தபோது வெல்டர்கள்மேல் பழி வந்தது. அந்த எஃகே குளிரில் நொறுங்கும் தன்மை அடைகிறது என்று காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர். அவரும் ஒரு பெண் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி கதவு. வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்துவோம் என்று கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப் எச்சரித்த பிறகுதான் 1941 ஜூனில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 8802ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். போர்த்தொழில்களில் இனம், மதம், நிறம், பூர்விக நாடு பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்றது ஆணை. பெண் என்று ஒதுக்குவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மீறியவர்களைத் தண்டிக்க வழியும் இல்லை. கப்பல் தள வேலைக்கோ பாய்லர்மேக்கர்ஸ் என்ற தொழிற்சங்கத்தின் அனுமதி வேண்டும். கறுப்பினத்தவரைச் சங்கம் 'துணைக் கிளை'யில் வைத்தது: சந்தா உண்டு, ஓட்டு கிடையாது. அதே கலிஃபோர்னியாவில், சாசலிட்டோவின் மரின்ஷிப் கப்பல் தளத்தில் ஜோசப் ஜேம்ஸ் என்ற கறுப்பின வெல்டர் இதை எதிர்த்து வழக்காடி, 1944 டிசம்பரில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அடுத்த ஆண்டே போர் முடிந்து, ஆள்குறைப்பு வந்துவிட்டது.

கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்பது பணிமூப்பு விதி. கடைசியில் சேர்ந்தவர்கள் பெண்களும் கறுப்பினத்தவரும்தான். ஒருவகை மூட்டு மட்டும் தெரிந்த கைக்கு வேறு பட்டறையில் இடம் கிடைப்பதும் அரிது. குழந்தைக் காப்பகங்களுக்கு வந்த மத்திய அரசுப் பணமும் 1946 தொடக்கத்தில் நின்றது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆளில்லை என்று தெற்கு மாநிலங்கள்வரை தேடிய அதே 1942இல், அதே மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அப்புறப்படுத்தி முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்.