எனக்கப்புறம் என் வீடு யாருக்கு?

கேள்வி: எனக்கு 51 வயசு மேடம், கோர்ட் மூலமா டைவர்ஸ் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு, பிள்ளைங்க இல்ல. என் சம்பாத்தியத்துல வாங்குன ஃப்ளாட், கொஞ்சம் நகை, பேங்க்ல டெபாசிட், அப்பா வழில வந்த வீட்ல ஒரு பங்கு இருக்கு. அண்ணன் "உனக்கு யார் இருக்கா, இப்பவே எங்க பேர்ல செட்டில்மென்ட் எழுதிக் குடுத்துடு"ங்கிறார். எனக்கு ஆபரேஷன் நடந்தப்போ கூட இருந்தது அக்கா மகளும் ஆபீஸ் தோழியும்தான், அவங்களுக்குத்தான் குடுக்கணும்னு ஆசை. அம்மாவும் இருக்காங்க. உயில் எழுதணுமா?
பெயர் வேண்டாம், மதுரை

பதில்: கண்டிப்பா எழுதணும்மா, இந்த மாசமே எழுதுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு, செட்டில்மென்ட்ல தயவுசெஞ்சு கையெழுத்து போட்டுடாதீங்க. செட்டில்மென்ட் எழுதிட்டா சொத்து இன்னிக்கே கைமாறிடும், நாளைக்கு மனசு மாறினா ரத்து பண்றது ரொம்பக் கஷ்டம், நீங்க குடியிருக்கிற வீட்லயே அடுத்தவங்க தயவுல இருக்க வேண்டி வரும். உயில் அப்படி இல்ல, நீங்க இருக்கிற வரைக்கும் எல்லாம் உங்களுதுதான், எத்தனை தடவை வேணாலும் மாத்தலாம், கடைசியா எழுதுனதுதான் செல்லும்.

உயில் இல்லன்னா என்ன ஆகும்னு கேளுங்க (உங்களுக்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்னு வெச்சு சொல்றேன், மத்த மதத்துக்காரங்களுக்கு கணக்கு வேற). கோர்ட்ல டைவர்ஸ் டிகிரி (தீர்ப்பு) வாங்கிட்டதால முன்னாள் கணவருக்கோ அவர் வீட்டு ஆளுங்களுக்கோ பங்கு கிடையாது. ஆனா பிரிஞ்சு மட்டும் இருக்கிறவங்க, கேஸ் இன்னும் முடியாதவங்க இதைப் படிச்சா கவனமா இருங்க, சட்டத்துக்கு அவர் இன்னும் கணவர்தான், முதல் வாரிசே அவர்தான். நீங்க சம்பாதிச்ச ஃப்ளாட்டும் பணமும் அம்மாவுக்குப் போகும், அம்மா காலத்துக்கப்புறம் அவங்களும் உயில் எழுதலன்னா அண்ணனுக்கும் அக்காவுக்கும். அப்பா வழி பங்கு அப்பாவோட வாரிசுகளுக்கே திரும்பிடும், அதாவது அம்மா, அண்ணன், அக்கா. இதுல அக்கா மகளுக்கு நேரடியா ஒண்ணும் இல்ல, தோழிக்கு எந்த வழியிலயும் இல்ல. ஆஸ்பத்திரியில ராத்திரி கண்ணு முழிச்சது யாருன்னு சட்டம் கேக்காது, அதை நீங்கதான் எழுதி வெக்கணும்.

எழுதுறது பெரிய வேலை இல்ல. ஸ்டாம்ப் பேப்பர் வேணாம், வெள்ளைப் பேப்பர்ல தமிழ்லயே எழுதலாம். நீங்க ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து போடணும், அவங்களும் உங்க முன்னாடி போடணும், இது ரெண்டும் உயிலுக்கான 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கட்டாயம். சொத்து வாங்கப்போற அக்கா மகளையோ தோழியையோ சாட்சி ஆக்காதீங்க, பின்னாடி அண்ணன் சந்தேகம் கிளப்ப அதுவே போதும். உங்களை விட வயசுல சின்னவங்களா, கோர்ட்ல கூப்பிட்டா வந்து சொல்றவங்களா பாருங்க. ரிஜிஸ்டர் பண்றது கட்டாயம் இல்லதான், ஆனா உங்க வீட்டு நிலைமைக்கு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பண்ணிடுங்க, சுயநினைவோட இருக்காங்கன்னு டாக்டர் சர்டிஃபிகேட்டும் சேர்த்து வெச்சா இன்னும் நல்லது.

அம்மாவை விட்டுடாதீங்க. அவங்க ஆயுசு வரைக்கும் ஃப்ளாட்ல குடியிருக்கலாம், அப்புறம் அக்கா மகளுக்குன்னு எழுதலாம். ஒருத்தர் உங்களுக்கு முன்னாடியே போயிட்டா அவங்க பங்கு யாருக்குங்கிறதையும், இனிமே நீங்க வாங்கப்போற, பட்டியல்ல விட்டுப்போன சொத்து யாருக்குங்கிறதையும் ஒவ்வொரு வரியில சொல்லிடுங்க, நிறைய உயில் தகராறு ஆகுறது இந்த இடத்துலதான். இதையெல்லாம் நடத்திக் குடுக்க நம்பிக்கையான ஒருத்தரை நிறைவேற்றுபவரா போடுங்க.

கல்யாணமான புதுசுல எழுதுன பழைய உயில் இருந்தா டைவர்ஸ் ஆனதால மட்டும் அது செத்துப்போகாது, "முன்னாடி எழுதுனதெல்லாம் ரத்து"ன்னு புதுசுல தெளிவா எழுதுங்க. நாமினி விஷயமும் அப்படித்தான். பேங்க்ல நாமினிங்கிறவர் பணத்தை வாங்கி வாரிசுகிட்ட சேர்க்கிற ஆள்தான், சொந்தக்காரர் இல்ல. ஆனா ஆயுள் இன்சூரன்ஸ்ல கணவர், அப்பா அம்மா, பிள்ளைங்க நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கேன்னு 2015ல சட்டம் மாத்துனாங்க, உங்க பாலிசில முன்னாள் கணவர் பேர் இன்னும் கிடந்தா வீண் வழக்குதான் வரும். பிஎஃப், பேங்க், பாலிசி மூணுலயும் யார் பேர் இருக்குன்னு திங்கக்கிழமையே போய் பாருங்க, மாத்துன அத்தாட்சியையும் டைவர்ஸ் டிகிரி காப்பியையும் உயில் கூடவே வெச்சு, எங்க இருக்குன்னு நிறைவேற்றுபவர்கிட்ட சொல்லிடுங்க.