மேப்பிங்கில் 3 இருக்கு, சிந்தனை மட்டும் இல்லை என்றால்

பொறியியல் மாணவர்களை யோசிக்க வைக்கத் தனியாகப் பயிலரங்கு எதுவும் வேண்டாம். இரண்டு பாடங்களின் இன்டர்னல் தேர்வில் தலா ஒரு கேள்வியை மாற்றுங்கள், என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) குழுவிடம் காட்ட அது ஒரு நல்ல சான்று.

"மேப்பிங் அட்டவணையில் 3 போட்டிருக்கிறோம், பிள்ளைகள் யோசிப்பதே இல்லை" என்கிறீர்கள். (ஒரு பாடம் எந்தத் திறனை எவ்வளவு வளர்க்கிறது என்று காட்டும் அட்டவணை அது; 3 என்றால் அதிகபட்சம்.) காரணம் பெரும்பாலும் வினாத்தாள்தான். 'பகுப்பாய்க' என்று எழுதி ப்ளூமின் சிந்தனை நிலைகளில் கே4 (பகுப்பாய்வு) என்று முத்திரை குத்திவிடுகிறோம்; விடை நோட்ஸில் அப்படியே இருக்கிறது. (எங்கள் துறையிலும் இதே கூத்துதான்.)

போன செமஸ்டர் விடைத்தாள் பத்தை எடுத்துப் பாருங்கள். கே4 கேள்விக்குப் பத்துப் பேரும் ஒரே பாயின்ட்டுகளை ஒரே வரிசையில் எழுதியிருந்தால், அது கே1, அதாவது வெறும் மனப்பாடம்.

சிவில் என்றால் இப்படிக் கேட்கலாம்: "2015 டிசம்பர் அடையாறு வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததே காரணம் என்கிறார்கள். இதை ஏற்கவோ மறுக்கவோ என்னென்ன தரவு வேண்டும்?" மழையளவு, ஏரிக்கு நீர்வரத்து, ஆறு தாங்கும் அளவு, கரையோர ஆக்கிரமிப்பு என்று தேட ஆரம்பிப்பார்கள். தரவுக்கு 2, மாற்று விளக்கத்துக்கு 2, முடிவுக்கு 1 என்று ரூப்ரிக்கை (மதிப்பெண் அளவுகோலை) முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஒன்று, முதல் தடவை மதிப்பெண் சரியும், அடைவு சதவீதமும் (இலக்கை எட்டியவர்களின் விகிதம்) இறங்கும். பயந்து ஏற்றிப் போடாதீர்கள். என்பிஏ அறிக்கையின் தொடர் மேம்பாட்டுப் பகுதியில் எழுத உங்களுக்கு அந்தச் சரிவுதான் வேண்டும்.