கேம் மாஸ்டருக்கு எப்படிப்பட்ட மறைப்பு நல்லது?

திருகோணமலையில் நண்பர்களோடு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டத்தைத் தொடங்கப் போவதாகவும், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் தன் குறிப்புகள் மற்றவர்களுக்குத் தெரியாதபடி முன்னால் வைக்கும் மறைப்பு எப்படி இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உயரம். ஏ4 தாளை நிமிர்த்தி வைத்தால் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். மேசை நடுவே மதில் கட்டியதுபோல் ஆகிவிடும். படுக்கையாக வைத்த 21 சென்டிமீட்டர் போதும். குறிப்பும் பகடையும் மறையும், உங்கள் முகம் மறையாது. கதை சொல்பவரின் முகம் தெரியாவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

உள்பக்கத்தில் எதை ஒட்டுவது என்பதுதான் பெரிய விஷயம். புத்தகத்தைப் புரட்ட வைத்து ஆட்டத்தை நிறுத்தும் விஷயங்கள் மட்டும் போதும். ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகள் என்றால் இலகுவான காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20 என்று, பகடை வீச்சில் எட்ட வேண்டிய இலக்கு எண்கள். விழுந்து கிடப்பவர், கண் தெரியாதவர் போன்ற நிலைகளுக்கான விதிகள். கதைமாந்தருக்குத் திடீரென்று தேவைப்படும் பத்துப் பெயர்கள். அந்தப் பெயர்ப் பட்டியலைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மனப்பாடமான விதிக்கு இடம் கொடுக்காதீர்கள்.

வெளிப்பக்கத்துக்கு ஒரு நல்ல படம் போதும். அப்புறம், உப்புவெளிப் பக்கம் கடற்காற்றில் மெல்லிய மட்டை நிற்காது. தடித்த மட்டையில் பிளாஸ்டிக் உறைகளை ஒட்டி நீங்களே செய்யுங்கள். தாள்களை மாற்றலாம், ஈரக்காற்றில் அவை சுருளவும் மாட்டா.