போர்டில் எழுதிய ‘டே’ நாளா, பகலா?

கேள்வி: வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் எட்டு ரூம் வைத்து வாடகைக்கு விடுகிறோம். வங்காளம், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் அதிகம். வாசல் போர்டில் ‘ரூம் ரென்ட் 700 பெர் டே’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறோம். போன வாரம் காலை ஐந்தரைக்கு வந்து ரூம் எடுத்த ஒரு குடும்பம் மறுநாள் காலை எட்டு மணிக்குக் காலி செய்தது. இரண்டு நாள் வாடகை கேட்டேன். ‘ஒன் டே’தானே தங்கினோம் என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதற்கு முன்பு ஒருவர், ‘இது பகலுக்கு மட்டுமா, ராத்திரிக்குத் தனியா?’ என்று கேட்டார். ‘டே’யை எடுத்துவிட்டு ‘டே டைம்’ என்று போடலாம் என்கிறான் என் மகன். எது சரி?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: முதலில் மகனிடம் சொல்லி அந்த யோசனையை நிறுத்துங்கள். ‘டேடைம்’ என்றால் பகல் நேரம் மட்டும்தான். அப்படிப் போர்டு வைத்தால், 700 ரூபாய் கொடுத்தவரை இருட்டியதும் வெளியே அனுப்புவீர்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ராத்திரிக்குத் தனியா என்று இன்று ஒருவர் கேட்டதை நாளைக்குப் பத்துப் பேர் கேட்பார்கள்.

சரி, ‘டே’ என்பதில் என்ன சிக்கல்? நமக்கு நாள் வேறு, பகல் வேறு. ‘மூன்று நாள் தங்கினேன்’ என்றால் அதில் மூன்று ராத்திரியும் அடக்கம் என்று குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் சேர்த்து ‘டே’ என்ற ஒரே சொல்தான். பர்த்டே, ஹாலிடே, வொர்க்கிங் டே என்று சொல்லும்போது அது நாள். டே ஷிப்ட், டே ஸ்காலர் என்று சொல்லும்போது அது பகல். பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்துத்தான் பொருளைப் பிடிக்க வேண்டும்.

ராத்திரிக்குத் தனியா என்று கேட்டவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்தியிலும் வங்காளத்திலும் ‘தின்’ என்ற சொல்லும் இதே மாதிரிதான், நாளுக்கும் அதுவே, பகலுக்கும் அதுவே. அவர் தன் மொழியை மனதில் வைத்து உங்கள் ஆங்கிலப் போர்டைப் படித்தார், நீங்கள் தமிழை மனதில் வைத்து எழுதினீர்கள். உடம்பு சரியில்லாதவரைக் கூட்டிக்கொண்டு தெரியாத ஊரில் வந்து நிற்பவர் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணித்தான் செலவு செய்வார். அவருக்குப் புரியும்படி எழுதுவது நம் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது அந்தக் குடும்பத்துடன் வந்த தகராறு. ‘டே’ என்பதை நாள் என்றே எடுத்துக்கொண்டாலும், அந்த நாள் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஆங்கிலத் தேதி நள்ளிரவு 12 மணிக்கு மாறும். நம் பஞ்சாங்கக் கணக்கில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். நம் ஊர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்களை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அந்த விடியாத வேளையை 1806 ஜூலை 10 என்று புத்தகத்தில் படிக்கிறோம். பஞ்சாங்கப்படி பார்த்தால் அது 9-ஆம் தேதியின் ராத்திரி இன்னும் முடியாத நேரம். நடந்தது ஒன்றுதான், நாள் மட்டும் இரண்டு.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இது உடனே புரியும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ‘டே’ என்றால் நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரம் என்று வரையறுத்தது. அதோடு விடவில்லை. ராத்திரி ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டினால், 12 மணிக்கு மேல் செய்த வேலையையும் முந்தின நாள் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்று தனியாக ஒரு பிரிவும் வைத்தது. சட்டம் எழுதுகிறவர்களே ‘டே’ என்று சும்மா எழுதிவிட்டுப் போகவில்லை, மணிக்கணக்கைச் சொல்லித்தான் எழுதினார்கள்.

லாட்ஜ் தொழிலில் மூன்று கணக்கும் உண்டு: தேதிக் கணக்கு, பகல் 12 மணிக்குக் காலி செய்யும் கணக்கு, உள்ளே வந்ததிலிருந்து 24 மணி நேரம். நீங்கள் தேதியைப் பார்த்து இரண்டு நாள் என்றீர்கள். அவர்கள் ஒரு பகல், ஒரு ராத்திரி என்று எண்ணி ஒன்று என்றார்கள். இருபத்தாறரை மணி நேரம் தங்கியிருக்கிறார்கள். 24 மணி நேரக் கணக்கில் பார்த்தாலும் இரண்டரை மணி நேரம்தான் கூடுதல். அதற்கு முழு வாடகை கேட்பதை உங்கள் போர்டு தாங்காது. அதில் எந்தக் கணக்கும் எழுதியிருக்கவில்லையே.

ஆகவே போர்டை இப்படி மாற்றுங்கள்: ‘ரூம் ரென்ட் 700 ஃபார் 24 அவர்ஸ் ஃப்ரம் செக்-இன்’. ‘டே’ என்ற சொல்லே வேண்டாம். கூடுதல் நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று அடியில் இன்னொரு வரி. ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் வங்காள எழுத்திலேயே போர்டு வைத்திருக்கிறார்களே, அதே மாதிரி இந்த இரண்டு வரியையும் வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

மகன் சொன்ன ‘டேடைம்’ வீண் போக வேண்டாம். அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. காலையில் ஓ.பி.யில் காட்டிவிட்டுச் சாயங்கால ரயிலுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். காலையில் சேர்ந்து அன்றே வீட்டுக்குப் போகும் சிகிச்சையை ஆஸ்பத்திரியில் ‘டே கேர்’ என்கிறார்கள். (இங்கே ‘டே’ என்பது பகல். மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக 24 மணி நேரமாவது படுக்கையில் இருந்தால்தான் பணம் கிடைக்கும், ‘டே கேர்’ சிகிச்சைகளுக்கு மட்டும் அந்த நிபந்தனை இல்லை. உங்களிடம் தங்குகிறவர்கள் கேட்டால் சொல்லுங்கள்.) அன்றைக்கே திரும்பும் இவர்களுக்கு வேண்டியது பகலில் நாலு மணி நேரம் படுக்க ஒரு கட்டில், ஒரு ஃபேன். ‘டேடைம் ரூம், 6 ஏ.எம். டு 6 பி.எம்.’ என்று குறைந்த வாடகையில் தனியாக ஒரு போர்டு வையுங்கள். மணியை விட்டுவிடாதீர்கள். சூரியனை நம்பினால், வேலூரில் டிசம்பரில் பகல் பதினொன்றரை மணி நேரம்கூட வராது, ஜூனில் பதின்மூன்றை நெருங்கும்.

பெயின்டரிடம் கொடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். டேடைம் என்பது ஒரே சொல், நடுவில் இடம் விடக் கூடாது. நம் கடை போர்டுகளில் பாதி அதைப் பிளந்துதான் எழுதியிருக்கிறார்கள். ‘பகலில்’ என்று சொல்ல வேண்டுமானால் ‘இன் த டேடைம்’ அல்லது ‘டியூரிங் த டேடைம்’. படிவங்களில் ‘டேடைம் போன் நம்பர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்கென்று தனி நம்பர் வாங்க வேண்டியதில்லை, பகலில் கூப்பிட்டால் எந்த போனை எடுப்பீர்களோ அதை எழுதினால் போதும்.

அப்புறம், நம் ‘பகல்’ எல்லா இடத்திலும் ‘டேடைம்’ ஆகிவிடாது. பட்டப்பகலில் திருடினான் என்பதற்கு ‘இன் ப்ராட் டேலைட்’. டேலைட் என்பது பகல் வெளிச்சம், எல்லோரும் பார்க்கும்படி என்ற அழுத்தம் அதில் வருகிறது. பகல் கொள்ளைக்கும் அதே சொல்தான், ‘டேலைட் ராபரி’. வாடகை கூடுதல் என்று நினைக்கும் ஆள் உங்களிடமே இதைச் சொல்லக்கூடும். பகல் கனவு மட்டும் ‘டேட்ரீம்’. இரவு பகலாக உழைத்தான் என்பதை ஆங்கிலத்தில் பெரும்பாலும் பகலை முன்னே போட்டு ‘டே அண்ட் நைட்’ என்பார்கள்.

எனக்குப் பிடித்த ஒரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். டெய்சி என்ற பூவின் பெயர் பழைய ஆங்கிலத்தில் ‘பகலின் கண்’ என்ற பொருளில் பிறந்தது. காலையில் விரிந்து மாலையில் மூடிக்கொள்ளும் பூ. அந்தக் காலத்திலேயே ‘டே’ பகலாகவும் இருந்திருக்கிறது.

கடைசியாக ரசீது. ‘ஒன் டே’, ‘டூ டேஸ்’ என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். வந்த தேதியும் மணியும் ஒரு கட்டத்தில், போன தேதியும் மணியும் இன்னொரு கட்டத்தில். சாவி கொடுக்கும்போதே முதல் கட்டத்தை நிரப்பி, அவர்கள் கண் முன்னால் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.