ஹிட்ச் பைப்பை வெட்டாமல் பெரிய ஸ்டெப்னியை ஏற்ற முடியுமா?

கேள்வி: என் ஃபார்ச்சூனரில் 265/65 R17 டயர்களை மாற்றி 265/70 R17 போட்டிருக்கிறேன். ஸ்டெப்னியும் அதே அளவு. வண்டிக்கு அடியில் அதை ஏற்றினால், வெளியில் வாங்கி மாட்டிய டிரெய்லர் ஹிட்ச்சின் (டிரெய்லரைக் கோக்கும் அமைப்பு) குறுக்குப் பைப்பில் இடிக்கிறது. இடிக்கிற இடத்தைப் பிறை மாதிரி வெட்டி, தகடு வைத்து வெல்டிங் அடித்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். 1,000 கிலோ டிரெய்லர் என்றால் சுமார் 100 கிலோ, டிரெய்லர் வந்து மாட்டும் ஹிட்ச் பந்தின் மேல் உட்காரும். வேகத்தடையில் குதிக்கும்போது அது இன்னும் கூடும். பந்து பைப்பைவிட்டு வெளியே நீண்டிருப்பதால் அந்த எடை பைப்பை முறுக்கும். நான்கு பக்கமும் மூடியிருப்பதால்தான் பைப் முறுக்கைத் தாங்குகிறது. வெட்டிய இடத்தைத் தகடு போட்டு மூடினாலும் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விழலாம். பெயின்டுக்கு அடியில் அது தெரியவும் தெரியாது.

இத்தனைக்கும் உங்களுக்குத் தேவைப்படும் இடம் கொஞ்சம்தான். பழைய டயரின் விட்டம் 776 மி.மீ., புதியது 803. ஸ்டெப்னி நடுவில் தொங்குவதால் ஹிட்ச் பக்கம் கூடுவது அதில் பாதி, 13 மி.மீ.தான். டயர் உரசாமல் இருக்க இன்னும் 2 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கமும் அதே 13 மி.மீ. நீளும், அங்கே சைலன்சர் பைப்புக்கு எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள்.

ஹிட்ச்சைச் செய்தவரிடமே இரண்டு பக்கச் சேசிஸ் பிராக்கெட்டுகளையும் புதிதாகச் செய்யச் சொல்லி, பைப்பை 3-4 செ.மீ. பின்னால் தள்ளுவதே சரியான வழி. தகட்டின் கனம் குறையக் கூடாது, போல்ட்டும் அதே தரத்தில் இருக்க வேண்டும். பம்பர் இடம் கொடுக்காவிட்டால் கீழே இறக்கலாம். மேடு பள்ளத்தில் ஹிட்ச் தரையில் உரசும், அதற்குத் தயாராக இருங்கள். ஸ்டெப்னியின் காற்றை இறக்கிவிட்டு அதை மேலே ஏற்றும் யோசனை அவ்வளவாகப் பயன்படாது: உள்ளே ஸ்டீல் பெல்ட் இருப்பதால் விட்டம் பெரிதாகச் சுருங்காது. பாதி தேய்ந்த டயரை ஸ்டெப்னியாக வைத்தால் நாலைந்து மி.மீ. கிடைக்கும்.

எதைச் செய்தாலும், ஸ்டெப்னியைச் சங்கிலியால் மேலே தூக்கும் வின்ச்சின் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டெப்னி முழுதாக ஏறினாலும் 'டக்' என்று கேட்கும், பைப்பில் முட்டி நின்றாலும் அதே 'டக்'தான். முட்டி நிற்கும் டயர் ஓட்டத்தில் தளர்ந்து ஆடும். சங்கிலி தேய்ந்தால் நெடுஞ்சாலையில் கழன்று விழும். அடியில் படுத்து, கையால் ஆட்டிப் பாருங்கள்.

வேலை முடியும்வரை பழைய அளவு டயரையே ஸ்டெப்னியாக வைத்திருங்கள். ஒரு சுற்றுக்கு 8 செ.மீ. வித்தியாசம் வரும் என்பதால் அதை இன்ஜின் சுழற்றும் பின்சக்கரத்தில் மாட்ட வேண்டாம். பின்டயர் பஞ்சரானால் முன்டயரைக் கழற்றிப் பின்னால் போட்டு, சின்னதை முன்னால் மாட்டுங்கள். ஃபோர் வீல் டிரைவ் போடாமல், மெதுவாகப் பஞ்சர் கடைவரை மட்டும் ஓட்டுங்கள்.